மதகும் திசைவியும்

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேசன்சுடன் சேர்ந்து 'இன்டர்நெட்.ஆர்க்' சேவையை இந்தியாவில் தொடங்கியபோது, முதற்கட்டத்திலேயே தமிழ்நாடும் இடம்பெற்றது. கட்டணமில்லா இணையம் என்று அது அறிவிக்கப்பட்டது. கிடைத்தவையோ முப்பதுக்குச் சற்று மேற்பட்ட தளங்களே. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மஞ்சள் சாகுபடிக் குறிப்பைத் தேடும் ஈரோட்டு உழவர், அத்தளம் பட்டியலில் இருந்தால்தான் காசின்றிப் படிக்க முடியும் என்ற நிலை அன்று இருந்தது. பட்டியலை வகுக்கும் உரிமை உழவருக்கும் இருக்கவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் இருக்கவில்லை.

இது ஏன் சிக்கல் என்று அறிய, இணையம் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இணையத்தில் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் பொதியின் தலைப்பகுதி குறைந்தது 20 பைட்டு. அதில் நான்கு அனுப்புநர் முகவரிக்கு, நான்கு பெறுநர் முகவரிக்கு. வழியிலுள்ள திசைவி பெறுநர் முகவரியைப் பார்த்துப் பொதியை அடுத்த வழிக்குத் தள்ளுகிறது. ஆயினும் தலைப்பகுதியின் இரண்டாவது பைட்டைச் சேவையின் வகையைக் குறிக்கவென்றே 1981-இல் ஒதுக்கினர். குரல் அழைப்பு நொடியின் சிறு பகுதி தாமதித்தாலும் பேச்சு சிதையும், மின்னஞ்சல் காத்திருக்கும். ஆகவே சில பொதிகளை முந்தவிடுவது இணையத்துக்குப் புதிதன்று. வகை கருதி முந்தவிடுவது பொறியியல். உடையவர் யாரென்று கருதி முந்தவிடுவது வணிகம்.

கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். எல்லா வயலுக்கும் ஒருங்கே நீர் போதாததால் ஒரு பருவம் ஒற்றைப்படை எண் மதகு, மறுபருவம் இரட்டைப்படை எண் மதகு. முறை கடுமையானதுதான். எனினும் இன்னாருடைய வயல் என்பதற்காக எந்த மதகும் உயர்வதில்லை.

இணையத்திலோ 2015 ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. தளத்தை நடத்துபவரே கட்டணம் செலுத்த, பயனருக்குத் தரவு இலவசமாகும் திட்டம் அது. இத்தகைய பாகுபாட்டை எதிர்த்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம், உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை மாற்றுவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் தண்டம். இலவசமும் பாகுபாடாகலாம் என்று கண்டுணர்ந்ததே அவ்வாணையின் பெருமை. 2018-இல் வேகக்குறைப்பும் தடுப்பும் கூடாதென்ற நெறிகளை மைய அரசு ஏற்றது. அமெரிக்காவிலோ 2015-இல் வகுத்த விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் மீண்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் வீழ்ந்தது.

நம் விதிகளிலும் ஒரு வாசல் திறந்தே உள்ளது. தொலைவழி அறுவை மருத்துவம் போன்ற 'சிறப்புச் சேவைகள்' விலக்குப் பெறும். ஐந்தாம் தலைமுறை வலையமைப்பைப் பயன்பாட்டுக்கேற்பத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து வழங்கலாம் என்னும்போது, விலக்கின் எல்லையை யார் வரைவது என்பதே முதன்மை வினா. கைப்பேசியால் கிணற்று மோட்டாரை இயக்கும் கருவியைக் கோவை கணபதியில் ஒரு சிறு பட்டறை செய்தால், அதன் பொதிகள் பெருநிறுவனப் பொதிகளுக்குப் பின்னே நிற்கலாகாது. எல்லையை ஆணையம் இப்போதே எழுதி வெளியிட வேண்டும்.