மீசையை அறிந்த காவல்காரர்

மழையில் நனைந்த பழைய இரும்புக் கேட்டைத் தொட்டால் விரலில் பழுப்புப் பொடி ஒட்டுமே, அதே மாதிரிப் பொடி சூரியகாந்தி இலையிலும் ஒட்டும். நோய் கண்ட இலையைத் திருப்பி விரலால் தேய்த்தால் தெரியும். அதனால்தான் இதற்குத் ‘துரு நோய்’ என்று பெயர். ஆனால் இந்தப் பொடி உயிருள்ளது. ஒரு பூஞ்சையின் வித்துத்தூள். காற்றில் பறந்து, ஈரமான இலையில் விழுந்து முளைக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அங்கே கொப்புளம் வெடித்து, மறுபடி தூள் பறக்கும்.

உயிருள்ள செல்லில் மட்டுமே இந்தப் பூஞ்சையால் வளர முடியும். சில சூரியகாந்திகள் இந்தப் பலவீனத்தை வைத்தே பூஞ்சையை மடக்குகின்றன. அவற்றில் ஒரு மரபணு காவல்காரரைப்போல நிற்கிறது. பூஞ்சையை அடையாளம் கண்டதும், அது நுழைந்த செல் தானாகவே செத்துவிடும்! உணவில்லாமல் பூஞ்சையும் மடியும். இலையில் மிஞ்சுவது ஊசிமுனைப் புள்ளிதான். ஒரு செல் தன்னைக் கொடுத்து இலையைக் காப்பாற்றுவதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இப்படிப்பட்ட காவல்காரர்களை 1950களில் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் புட், சாக்ஸ்டன் என்ற விஞ்ஞானிகள் தேடினார்கள். கிடைத்த இடம் எது தெரியுமா? அமெரிக்காவின் டெக்சாஸில், ரென்னர் என்ற ஊரில், காட்டுச் சூரியகாந்தியோடு இயற்கையாகக் கலந்து பிறந்த செடிகள்! அவற்றிலிருந்து வந்த மரபணுக்களுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயர்.

ஆனால் ஒரு சிக்கல். காவல்காரருக்குத் திருடனின், அதாவது பூஞ்சையின், மீசை மட்டும்தான் தெரியும். மீசையை மழித்துவிட்டு வந்தால்? கோடிக்கணக்கான வித்துகளில் ஒன்று அப்படி மாறினாலே போதும், வயல் முழுக்க அதன் வம்சம்தான். ஆர்1, ஆர்2 இரண்டையுமே ஏமாற்றும் துரு இனங்கள் பின்னால் வந்துவிட்டன.

அதனால் இப்போது புதுப்புது மரபணுக்களைத் தேடி, ஒரே செடியில் இரண்டு மூன்றைச் சேர்க்கிறார்கள். ஒருவருக்கு மீசை தெரியும், இன்னொருவருக்கு நடை தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது திருடனுக்கு மிக மிகக் கடினம்.

காவல்காரர்கள் ஒரே செடியில் சேர்ந்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு காவல்காரர் இருந்தாலும் இலையில் பொடி இருக்காது, இருவர் இருந்தாலும் இருக்காது! கண்ணால் பார்த்துப் பயனில்லை. அமெரிக்காவின் ஃபார்கோ நகர ஆய்வுக்கூடத்தில், நாற்றிலிருந்து இலைத்துணுக்கு ஒன்றைக் கிள்ளி, அதன் டிஎன்ஏவில் அந்த மரபணுக்களின் அடையாளத்தைத் தேடுகிறார்கள். எல்லா அடையாளமும் இருக்கும் நாற்றுதான் அடுத்த தலைமுறைக்குத் தாய்.