அம்மாவை விட்டுப் போகாத கவசம்



உங்கள் குடும்பத்துப் பெரியவர்களில் ஒருவராவது கந்த சஷ்டி கவசத்தைப் புத்தகம் பாராமல் சொல்லக் கூடியவராக இருப்பார். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவராய சுவாமிகள் பாடியது அது. இருநூறு அடிகளுக்கும் மேல் நீளும். பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர் மனத்தில் அத்தனை அடிகளும் எப்படித் தங்கின என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆசிரியர் பயிற்சியில் யாப்பிலக்கணம் படித்தும், நான் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். கையெழுத்துக்குப் பெருவிரல் ரேகை வைப்பவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்து புஞ்சாக் ஆலாமுக்குக் குடிவந்த பின் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு திரும்பியது, சொற்கள் பல திரும்பவில்லை. பேரன் பெயரே வாயில் வரவில்லை. ஒரு நாள் விளக்கு வைத்ததும் கவசம் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்று, கண் கலங்கினார். அருகில் உட்கார்ந்து "கன்னம்" என்று மட்டும் எடுத்துக் கொடுத்தேன். "கதிர்வேல்" என்றார். "நாசி" என்றேன். "நல்வேல்" என்றார்.

இது என்ன மாயம்? மாயமில்லை, மோனை!

சீரும் தொடையும்

நாமே இரண்டு அடி கட்டிப் பார்ப்போம்.

மங்குகள் கவிழ்த்து வாளியை நிறைத்தாள்
சங்கொலி கேட்டுத் தலையை நிமிர்த்தாள்

அடிக்கு நான்கு துண்டுகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றும் ஒரு சீர். எல்லா அடியும் நாற்சீராய் ஒத்து நடப்பது நிலைமண்டில ஆசிரியப்பா. கவசத்தின் காப்பு வெண்பாவில் அமைந்தது. நூல் இந்த ஆசிரியப்பாவில் அமைந்தது. நடக்கிறவன் காலடி போல ஓசை சீராகப் போவதால் மூச்சு முட்டாது.

அடுத்து, 'மங்கு', 'சங்கு' இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்றே. இதுதான் எதுகை. பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் படிக்கும் பந்துனில் அடியின் கடைசியில் ஓசை ஒக்கும். தமிழிலும் அது உண்டு. 'நிறைத்தாள்', 'நிமிர்த்தாள்' போல வருவது இயைபு. ஆனால் தமிழ்ப் பாட்டு அடியின் தலையில்தான் முதலில் முடிச்சுப் போடுகிறது.

மூன்றாவது மோனை. சீர்களின் முதலெழுத்து ஒத்து வருவது. அதே எழுத்தாக இருக்க வேண்டுமென்பதில்லை. 'ம'வுக்கு 'வ' உறவு, 'ச'வுக்குத் 'த' உறவு, 'எ'க்கு 'இ' உறவு. நம் அடியில் 'மங்குகள்' என்றதும் மூன்றாம் சீரில் 'வாளி' வந்தது. முதற் சீரும் மூன்றாம் சீரும் இப்படிச் சேர்வது பொழிப்பு மோனை.

எந்த உறுப்புக்கு எந்த வேல்?

கவசத்தில் தலை முதல் கால் வரை உறுப்புகளை வேல் காக்க வேண்டுகிற பகுதி உண்டு. அடிக்கு அடி வேலின் பெயர் மாறும். படிக்காதவர் இதை எப்படிக் குழப்பாமல் சொல்கிறார்? கன்னத்துக்குக் 'க'வில் தொடங்கும் கதிர்வேல். நாசிக்கு 'ந'வில் தொடங்கும் நல்வேல். கழுத்தைச் சொல்லும் அடி 'எ'வில் தொடங்குகிறது, அங்கே இனியவேல். மார்புக்கு 'வ'வில் தொடங்கும் வடிவேல். உறுப்பைச் சொன்னால் வேல் தானே வந்து நிற்கும்.

அடியின் முடிவிலோ 'காக்க' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சொல் அதே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்பார்கள். உறுப்புகள் முடிந்து, பகல், நள்ளிரவு என்று காலங்களும் முடிந்ததும், அந்தச் சொல் அடியின் தலைக்கு ஏறி இரட்டிக்கிறது. அதைத் தொடர்ந்து நோக்க, தாக்க என்று 'க்' எதுகையில் வினைகள் அணிவகுக்கும். மெல்ல நடந்த பாட்டு அங்கே ஓடத் தொடங்குகிறது.

பிறகு பேய், புலி, பாம்பு, தேள், நோய் எல்லாம் வரிசையாக வரும். நம் முன்னோருக்கு இவை வெறும் சொற்களா? சிலாங்கூர்த் தோட்டங்களில் மலேரியா எத்தனையோ உயிர்களைக் கொண்டு போன காலம் அது. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிக்கும் வேலையைத் தொடங்கிய பிறகும், தோட்டங்களில் காய்ச்சல் தணிய ஆண்டுகள் பிடித்தன. விடியுமுன் இருட்டில் மரத்துக்குப் போனவர்களுக்குக் கையில் விளக்கு. வாயில் இந்தப் பாட்டு.

திரும்பியதும் திரும்பாததும்

அம்மாவுக்கு உறுப்புப் பகுதி முழுவதும் திரும்பிவிட்டது. நோய்களின் வரிசையில் இன்னமும் தடுமாறுகிறார். அங்கே மோனை உண்டு. ஆனால் அடியின் முடிவில் பிடித்துக்கொள்ள ஒரே சொல் இல்லை. இப்போது மாலை தோறும் பேரன்தான் முதற்சொல் எடுத்துக் கொடுக்கிறான். மோனை என்றால் என்னவென்று வகுப்பில் அவனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டிய அவசியமே வரவில்லை.

மனப்பாடம் பழங்காலச் சங்கதி என்று நானும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. அம்மாவிடமிருந்து வீட்டையும் தோட்டத்தையும் காலம் வாங்கிக் கொண்டது. நோய் சொற்களையும் வாங்கப் பார்த்தது. எதுகையும் மோனையும் முடிச்சுப் போட்டு வைத்ததை மட்டும் அதனால் முழுவதும் வாங்க முடியவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். கவசமோ, தாலாட்டோ, எதுவாயினும் சரி. முதற்சொல்லைச் சொல்லிவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள். அடுத்த சொல் வரும்.