ரொசல்லையும் யாழ்நூலும்

வட்டவளையைக் கடந்து அட்டனுக்கு ஏறும் ரயில் ரொசல்லையில் நிற்கும். அந்த மலைச்சாரலில் தங்கியும் சுவாமி விபுலானந்தர் தமது 'யாழ்நூல்' ஆய்வைத் தொடர்ந்தார். நம் மலையகத்துக்கு எத்தனை பெரிய பேறு!

வழக்கொழிந்த யாழை, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துணைகொண்டு, சுருதிகளைக் கணக்கிட்டு அவர் மீட்டெடுத்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி அல்லவா! கிரேக்கத்தில் பைதகரஸ் வழிவந்தோரும் நரம்பிசையில் எண்களின் ஒழுங்கையே கண்டார்கள். அங்கே 'லயர்' என்னும் நரம்புக்கருவி கவிதைக்கும் பிரபஞ்ச இசைவுக்கும் குறியீடானது. இங்கே பாணரின் வாழ்வே யாழோடு பிணைந்திருந்தது.

பல்லாண்டு உழைப்பில் உருவான அந்த நூல், 1947 ஜூனில் தஞ்சை மண்ணின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் ஆய்வின்படி செய்த யாழ்களும் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. நோயுற்றிருந்த சுவாமிகள் அதை நேரில் கண்டார். ஜூலை 19ஆம் திகதி மறைந்தார்.