டி.சி.எச். பருத்தியும் பேரப்பிள்ளைச் சிக்கலும்

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பருத்தி ஏலச் செய்தியைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. ஆர்.சி.எச். ரகம் குவிண்டால் இவ்வளவு, டி.சி.எச். இவ்வளவு, கொட்டு இவ்வளவுன்னு வரும். டி.சி.எச். விலை பெரும்பாலும் மேலதான் நிக்கும், ஏன்னா அது நீளமான இழை. இன்னைக்குப் பேசப்போறது அந்த டி.சி.எச். செடியோட குடும்பப் பிரச்சனையைப் பத்தி.

நான் ஸ்கூல் படிக்கும்போது, ஆத்தூர் பக்கம் எங்க பெரியப்பா ஒரு வருஷம் விதை வாங்கலை. கையில காசு இல்லை. முந்தின வருஷத்து டி.சி.எச். பருத்தியில கொஞ்சத்தைக் கொட்டை எடுத்து வச்சிருந்தாரு, அதையே ஊன்றினாரு. முளைப்பு நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் காடு கலைஞ்சுபோச்சு. ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி முழங்காலுக்குக் கீழ. சிலது சப்பை வச்சு அத்தனையும் உதிர்த்துச்சு. சிலதுல காய் புடிச்சும் உள்ள பஞ்சு இல்லை. "விதைக்குள்ள எதையோ வச்சுதான் விக்கிறானுங்க"ன்னு அவர் ரொம்ப வருஷம் சொல்லிட்டே இருந்தாரு. ஊர்ல பலர் அதை நம்பினாங்க. நானும்தான்.

ஆனா யாரும் எதையும் வைக்கலை. மறுவிதை முளைக்காத 'டெர்மினேட்டர்' விதை உலகத்துல எங்கயுமே விற்பனைக்கு வந்தது கிடையாது. டி.சி.எச்-32 வந்தது 1981-ல, மரபணு மாற்றின பருத்தி இந்தியாவுக்கு வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி. டி.சி.எச்.னா தார்வாட் காட்டன் ஹைபிரிட். அதே தார்வாட்ல 1972-ல பி.எச்.கட்டர்கி 'வரலட்சுமி'ங்கற ஹைபிரிடைக் கொண்டுவந்தாரு. ரெண்டுமே ஒரே வகைக் கல்யாணம்: அம்மா ஒரு இனம், அப்பா வேற இனம். ஒண்ணு காஸிப்பியம் ஹிர்சூட்டம், நம்ம தாத்தா காலத்துக் 'கம்போடியா' பருத்தி இதுதான். இன்னொண்ணு காஸிப்பியம் பார்படென்ஸ், எகிப்து பருத்தின்னு சொல்வாங்களே, அது.

ரகம் வேற, இனம் வேற. ஆர்.சி.எச்-2 மாதிரி ஒரு ஹைபிரிடுக்கு அப்பா அம்மா ரெண்டும் ஹிர்சூட்டம்தான். அதோட விதையை எடுத்துப் போட்டா விளைச்சல் குறையும், ஒரே சீரா வராது, அவ்வளவுதான். டி.சி.எச். விதையைப் போட்டா சில செடிகள் உடைஞ்சே போகும். இதுக்கு ஹைபிரிட் பிரேக்டவுன்னு பேர்.

ரெண்டு இனம் கலந்தா பிள்ளை மலடுன்னுதான் நாம ஸ்கூல்ல படிச்சது. கோவேறு கழுதை உதாரணம் ஞாபகம் இருக்கும். அந்த வகையும் பருத்தியில உண்டு. நம்ம நாட்டுக் கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், கம்போடியாவுக்கு 52. ரெண்டையும் கலந்தா 39. ஜோடி சேர ஆள் பத்தாது, பிள்ளை மலடு. இது சுலபமான கேஸ். டி.சி.எச்.ல ரெண்டு பக்கமும் 52. பிள்ளை மலடு இல்லை, அப்பா அம்மாவை விட ஜோரா வளருது. அடி விழுறது பேரப்பிள்ளைக்கு.

ஏன்னு பார்ப்போம். நம்ம ஆளுங்களுக்கு ஈஸி, கிட் பிராஞ்ச்சை நினைச்சுக்கங்க. ஒரே கோட்ல இருந்து ரெண்டு பிராஞ்ச் பிரியுது. பல லட்சம் வருஷம் மெர்ஜ் இல்லை. ஹிர்சூட்டம் மெக்சிகோ பக்கம் ஓடுது, பார்படென்ஸ் தென்னமெரிக்காவுல ஓடுது. முதல் பிராஞ்ச்ல ஒரு ஜீன் மாறுது, அங்க எல்லா டெஸ்ட்டும் பாஸ். ரெண்டாவதுல வேற ஒரு ஜீன் மாறுது, அங்கயும் பாஸ். ஆனா இந்த ரெண்டு மாற்றமும் ஒண்ணா ஓடி யாருமே பார்த்ததில்லை. சுவர் கட்டணும்னு இயற்கை திட்டம் எதுவும் போடலை. தனித்தனியா இருந்ததோட பக்க விளைவு அது. பேட்சன் 1909-லயே இதைச் சொன்னாரு, கவனிக்க ஆள் இல்லை. அப்புறம் 1930-40களில் டாப்ஜான்ஸ்கியும் முல்லரும் தனித்தனியா இதே இடத்துக்கு வந்தாங்க.

முதல் தலைமுறைல ரெண்டு பிராஞ்ச்சோட முழு செட்டும் செடிக்குள்ள இருக்கு. ஒண்ணுல இல்லாத ஃபங்ஷன் இன்னொண்ணுல இருக்கும், வண்டி ஓடிரும். அடுத்த தலைமுறைல சீட்டுக்கட்டு கலையுது. ஒரு ஜீன்ல ரெண்டு பிரதியும் ஹிர்சூட்டத்தோடது, அதை நம்பியிருக்கிற இன்னொரு ஜீன்ல ரெண்டும் பார்படென்ஸோடது. இப்படி மாட்ட வாய்ப்பு 16-ல் 1. கம்மிதானேன்னு தோணும். ஆனா இந்த மாதிரி ஒத்துவராத ஜோடி, ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாம, பத்து இருக்குன்னு வச்சுக்கங்க. ஒரு ஜோடியிலயாவது மாட்டுற செடிங்க கிட்டத்தட்ட பாதி. பத்துங்கறது கணக்குக்கு நான் வச்ச நம்பர். ஆனா பெரியப்பா காடு என் கண்ணுல அப்படித்தான் வருது.

சில சமயம் ஒரே ஒரு ஜீனே போதும். எஸ்.ஜி.ஸ்டீபன்ஸ் 1946-ல 'கார்க்கி' செடிகளைப் பத்தி எழுதினாரு. சில ஹிர்சூட்டம் செடிகள்ல அந்த ஜீனோட ஒரு வடிவம், சில பார்படென்ஸ்ல வேற வடிவம். தனித்தனியா இருந்தா எந்தத் தொந்தரவும் இல்லை. ரெண்டும் ஒரே செடியில சேர்ந்தா அது குட்டையாகி, தண்டு மேல தக்கை மாதிரி படியும். அரபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடியில 2007-ல இன்னும் தெளிவாவே பிடிச்சாங்க: அங்க மோதிக்கிட்டது நோய் எதிர்ப்பு ஜீன்கள். ஒரு பக்கத்துப் பாதுகாப்பு மறுபக்கத்துப் புரதத்தை எதிரின்னு நினைச்சு, செடி தன் இலையைத் தானே கொன்னுக்குது.

அப்போ டி.சி.எச். விதை வருஷா வருஷம் எப்படி வருது? கையாலதான். சாயங்காலம் மொட்டைப் பிரிச்சு மகரந்தப் பையை எடுத்துடணும், மறுநாள் காலைல ஆண் செடிப் பூவைக் கொண்டுவந்து தேய்க்கணும். ஒவ்வொரு பூவுக்கும் இதேதான். பாக்கெட் விலையில அந்தக் கூலியும் அடக்கம்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப அதுல நல்லா வந்த செடி இருந்துச்சே, அது?"ன்னாரு. அது எப்படி இருந்துச்சுன்னு திருப்பிக் கேட்டேன். பூ மஞ்சளா இல்லை, அடியில சிவப்புப் பொட்டு இல்லை, சாதாப் பருத்தி மாதிரி வெளுத்த பூன்னாரு. மஞ்சளும் பொட்டும் பார்படென்ஸ் அடையாளம். கலப்புச் செடியை ஒரு இனத்தோடயே திரும்பத் திரும்பச் சேர்த்தா, மத்த இனத்தோட ஜீன்கள் கணக்கை விட வேகமா வெளியேறுதுன்னு அதே ஸ்டீபன்ஸ் 1949-ல எழுதியிருக்காரு. பெரியப்பா காட்டுல தப்பிச்சது, அம்மா பக்கமோ அப்பா பக்கமோ முழுசாச் சாய்ஞ்ச செடிங்களா இருக்கணும். "அத மட்டும் எடுத்து வச்சிருக்கலாமோ"ன்னாரு. வச்சிருந்தா வெறும் ஹிர்சூட்டம் மாதிரிதான் வந்திருக்கும், டி.சி.எச். விலை கிடைச்சிருக்காதுன்னேன். "வெதக் காசாவது மிச்சமாயிருக்குமில்ல"ன்னாரு.