கண்ணாடிப் பெட்டியில் நீலச் சிலந்தி!

நாய் வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். சிலந்தி வளர்ப்பவர்களும் உண்டு! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருடைய வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும் ஒரு சிலந்திக்குப் பூர்வீகம் ஆந்திரக் காடு.

அது சாதாரணச் சிலந்தி அல்ல. காலை நீட்டினால் உள்ளங்கையை மறைத்துவிடும். உடல் மயில் கழுத்துப் போல் நீலமாக மின்னும்.

102 ஆண்டு மறைவு

ஆந்திராவில் குத்தி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் இந்தச் சிலந்தி ஒன்றே ஒன்று அகப்பட்டது. 1899-ம் ஆண்டில் போக்காக் என்ற ஆங்கிலேய நிபுணர் அதற்குப் பெயர் சூட்டினார்.

அதன் பிறகு 102 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை! 2001-ம் ஆண்டில்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் மீண்டும் தென்பட்டது. முதல் சிலந்தி, வெட்டிய மரத்தோடு ரயிலேறிக் குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

வீடு எப்படி?

இது தரையில் வளை தோண்டும் சிலந்தி அல்ல, மரப்பொந்தில் வாழ்வது. ஆகவே பெட்டி அகலமாக இருப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும். உள்ளே குழல் போன்ற மரப்பட்டையைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். சிலந்தி அதற்குள் நூல் பின்னிக் குடியேறும். காற்றோட்டம் அவசியம். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். உணவு, உயிருள்ள சுவர்க்கோழி.

தோல் உரிக்கும் காலத்தில் அது பட்டினி கிடக்கும். அப்போது இரை போடக் கூடாது. புதுத்தோல் மிருதுவாக இருப்பதால், இரையே சிலந்தியைக் கடித்துவிடலாம்!

கையில் எடுத்துக் கொஞ்சவும் முடியாது. மின்னல் வேகத்தில் ஓடும். கடித்தால் கடும் வலியும் தசைப் பிடிப்பும் உண்டாகும்.

ஆபத்தான கல்யாணம்

ஆண் சிலந்தி பருவம் அடைந்த பின் நெடுநாள் வாழ்வதில்லை. பெண்ணோ பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஜோடி சேர்ப்பதற்கு முன் பெண்ணுக்கு வயிறு நிறையத் தீனி கொடுப்பார்கள். பசியோடு இருந்தால் மாப்பிள்ளையே விருந்தாகிவிடுவான்! முட்டைகளைப் பட்டுப் பை போன்ற கூட்டில் வைத்துத் தாய் காக்கும். குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் தனித்தனிச் சிமிழ்களில் விடுவார்கள்.

காட்டில் என்ன நிலை?

பெட்டிகளில் பெருகுகிறது, காட்டிலோ அருகுகிறது. அதன் இருப்பிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கும் விறகுக்காகக் கிளைகளைக் கழிக்கிறார்கள், மரங்களை வெட்டுகிறார்கள். பொந்துள்ள முதிய மரம் சாய்ந்தால், அதில் வாழும் சிலந்திகளுக்குப் போக்கிடம் ஏது? விற்பனைக்காகப் பிடிப்பது மற்றோர் ஆபத்து.

2008-ம் ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இது சேர்ந்தது. 2019-ம் ஆண்டில் ஜெனிவாவில் கூடிய சர்வதேச மாநாடு, இந்த இனச் சிலந்திகளை நாடு விட்டு நாடு விற்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று முடிவு செய்தது.

அயல்நாட்டுப் பெட்டிகளில் ஆயிரம் குஞ்சு பொரித்தாலும், ஆந்திரக் காட்டில் வெட்டிய ஒரு முதுமரத்துக்கு அது ஈடாகாது. மரம் நின்றால்தான் சிலந்திக்குச் சொந்த வீடு!