ஏர் ரைஃபிள் வேகத்தை அளக்கணுமா? க்ரோனோகிராஃப் வாங்கும் முன் இதைப் படிங்க!

கூகுளில் ‘க்ரோனோகிராஃப்’ என்று தட்டினால் கைக்கடிகாரங்கள்தான் வரிசைகட்டி நிற்கும். நாம் பேசப்போவது அதுவல்ல. துப்பாக்கிக் குழலை விட்டுக் கிளம்பும் குண்டு நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் போகிறது என்று அளந்து சொல்லும் கருவி. அதற்கும் இதே பெயர்தான்.

‘அதெல்லாம் ராணுவத்துக்குத் தேவைப்படும், நமக்கெதுக்கு?’ என்று தோன்றலாம். உங்களிடம் ஓர் ஏர் ரைஃபிள் இருந்தாலோ, வாங்கும் யோசனை இருந்தாலோ தேவை இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.யைத் (0.177 அங்குலம்) தாண்டினாலோ, குழல் முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். விட்டம் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆற்றலைத் தெரிந்துகொள்ள வேகத்தை அளக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘1000’

ஏர் ரைஃபிள் விளம்பரங்களில் ‘நொடிக்கு 1000 அடி’ என்று பெரிதாகப் போடுவார்கள். அதாவது சுமார் 305 மீட்டர். எந்த எடை பெல்லட்டை வைத்துச் சுட்டால் அந்த வேகம் வரும் என்பது பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

பள்ளியில் படித்த சூத்திரம்தான்: ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. 0.33 கிராம் அலாய் பெல்லட் 305 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 15 ஜூல். வழக்கமான 0.53 கிராம் ஈய பெல்லட் அதே வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 25 ஜூல். பெட்டியில் ஒரே எண், ஆனால் ஒன்று எல்லைக்குள், மற்றொன்று எல்லைக்கு வெளியே. 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது சுமார் 274 மீட்டர் வேகம். உங்கள் துப்பாக்கி 265-ல் இருக்கிறதா, 280-ல் இருக்கிறதா என்பது காதால் கேட்டுத் தெரிகிற விஷயமில்லை.

இன்னொன்று, வேகத்தில் 1 சதவீதம் பிழை வந்தால் ஆற்றலில் 2 சதவீதம் பிழை வரும். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிழலைப் பிடிக்கும் வகை

மலிவானவை பெரும்பாலும் ஒளி சென்சார் வகை. முன்னும் பின்னுமாக இரண்டு சென்சார்கள். பெல்லட்டின் நிழல் முதல் சென்சாரைக் கடந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கடந்ததும் நிற்கும். இடைவெளி ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், 274 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அதைக் கடக்க 1.1 மில்லி நொடிதான் ஆகும். இவ்வளவு சிறிய நேரத்தை அளப்பது இன்றைய எலெக்ட்ரானிக்ஸுக்குப் பெரிய வேலையே இல்லை. பிரச்சினை எல்லாம் வெளிச்சத்திலும் நாம் வைக்கும் விதத்திலும்தான்.

சென்சார் இடைவெளியில் 1 மி.மீ. பிசகினால் வேகத்தில் கிட்டத்தட்ட 0.9 மீட்டர் பிசகும். மடக்கி விரிக்கும் மாடல்களில் கீல் லூஸாக இருந்தால் அவ்வளவுதான். பெல்லட் நேராகப் போகாமல் 5 டிகிரி சாய்வாகப் போனால், கடக்கும் தூரம் கூடி, உண்மையைவிட 0.4 சதவீதம் குறைவாகக் காட்டும்.

வெளிச்சம் இன்னும் பெரிய தலைவலி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். அது இல்லாத குண்டுக்கு வேகம் காட்டும், அல்லது ‘எரர்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ‘கருவி பீஸ் போயிடுச்சு’ என்று திருப்பி அனுப்பும் முன் டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள். சொந்தமாக அகச்சிவப்பு விளக்கு வைத்த, பெல்லட் உள்ளே புகுந்து போகும் குழாய் வடிவ மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு. வீட்டுக்குள் ஏர் ரைஃபிள் சுடுபவர்களுக்கு என் முதல் ஓட்டு அதற்குத்தான்.

குழல் முனையில் கத்தி போலக் கட்டிக்கொள்ளும் மேக்னட்டோஸ்பீட் வகையும் இருக்கிறது. மின்காந்த சென்சார் என்பதால் வெளிச்சம் பற்றிக் கவலை இல்லை. ஆனால் குழலில் கூடுதல் எடை தொங்குவதால் குண்டு விழும் இடம் மாறும். அது கட்டியிருக்கும்போது குறியைச் சரிபார்க்க முடியாது.

ரேடார் வந்த பிறகு

கிரிக்கெட்டில் பந்து வேகத்தை ஸ்பீடு கன் எப்படிச் சொல்கிறதோ, அதே டாப்ளர் தத்துவம்தான். போகும் குண்டின் மேல் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், 274 மீட்டர் வேகத்துக்கு அந்த மாற்றம் சுமார் 44 கிலோஹெர்ட்ஸ். கருவியைப் பக்கத்தில் வைத்தால் போதும், பெல்லட் அதன் ஊடே போக வேண்டியதில்லை. குறி தவறி கருவியையே சுட்டு உடைக்கும் சோகமும் இல்லை. (ஒளி சென்சார் வைத்திருப்பவர்கள் வட்டாரத்தில் இது அபூர்வக் கதை அல்ல.)

லேப்ரேடார் இந்த வகையை விளையாட்டுச் சுடுநர்களிடம் கொண்டுவந்தது. 2023-ல் கார்மின் உள்ளங்கையில் அடங்கும் ஸீரோ சி1 ப்ரோவை சுமார் 600 டாலருக்கு வெளியிட்டது. வெடிமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ரேடார்தான் சுலபமான வழி. அதிலும் குறை உண்டு. வரிசையாகப் பலர் சுடும் ரேஞ்சில், சத்தத்தைக் கேட்டு விழித்துக்கொள்ளும் மாடல்கள் பக்கத்து லேன் வெடிக்கும் விழித்துக்கொள்ளும். ரேடியோ அலை வெளியிடும் கருவி என்பதால், வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடும் முன் இந்திய வயர்லெஸ் அனுமதி இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.

இந்த அளவீட்டுக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751-ல் காய்ச்சலால் இறந்தது கடலூர் புனித டேவிட் கோட்டையில்.

0.4 மில்லிமீட்டர்

அதே கடலூரில் பிறந்தவர்தான் ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 630.7, பத்தாம் இடம். சக இந்தியர் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். 60 குண்டுகளில் வித்தியாசம் 0.8 புள்ளி. அதற்குக் காரணம் குண்டின் வேகம் என்று சொல்ல வரவில்லை. இந்த விளையாட்டில் 0.1 எவ்வளவு பெரியது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த 0.1 புள்ளி, இலக்கு அட்டையில் கால் மில்லிமீட்டர். நொடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட், காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், 10 மீட்டரில் சுமார் 17 மி.மீ. கீழிறங்கும். வேகம் 168 ஆனால் இன்னும் 0.4 மி.மீ. இறங்கும். எனவே போட்டிக்குப் போகிறவருக்குச் சராசரி வேகத்தைவிட, குண்டுக்குக் குண்டு அது எவ்வளவு மாறுகிறது என்பதே முக்கியம். கருவி ‘எஸ்.டி.’ என்று காட்டுவது அந்த விலகலைத்தான்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஐந்து குண்டு சுட்டு எஸ்.டி. 2 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலகல் 1.2-லிருந்து 5.7 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இருபது குண்டு சுட்டு அதே 2 வந்தால், 1.5-லிருந்து 2.9-க்குள் என்று சொல்லலாம். ஐந்து குண்டு ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு ‘இந்த பெல்லட்தான் பெஸ்ட்’ என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

அப்போ எதை வாங்குவது?

ஏர் ரைஃபிள் மட்டும்தான், அதுவும் வீட்டுக்குள் அல்லது 10 மீட்டர் ரேஞ்சில் என்றால் அகச்சிவப்புக் குழாய் மாடல் போதும். ரேடாருக்குச் செலவழிக்க இருக்கும் பணத்தில் நல்ல பெல்லட் டின்கள் வாங்குங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியை வெளி ரேஞ்சில் சுடுபவர், பட்ஜெட் இருந்தால் ரேடார். இல்லையென்றால் ஒளி சென்சாரைக் குழல் முனையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி வைத்துப் பயன்படுத்தலாம். பக்கத்தில் வைத்தால் வெடியின் அதிர்ச்சி அலையையே குண்டு என்று எண்ணிவிடும். ஷூட்டிங் கிளப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிடுவது இன்னும் மலிவு.

20 ஜூல் கணக்குக்காக வாங்குபவர்கள், நீங்கள் பயன்படுத்துவதிலேயே கனமான பெல்லட்டையும் வைத்து அளந்து பாருங்கள். சிலிண்டரில் காற்றை நிரப்பிச் சுடும் பி.சி.பி. வகைகள் பொதுவாகக் கனமான பெல்லட்டில்தான் அதிக ஆற்றல் தரும். பெல்லட்டின் எடையை டின் மேல் இருப்பதை நம்பாமல், நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் பத்தை ஒன்றாகப் போட்டு வகுத்துக்கொள்ளலாம். கருவி வந்த அன்றே ஒரே டின்னிலிருந்து இருபது சுட்டுப் பாருங்கள். மறுநாள் அதே டின், அதே இடம், அதே வெளிச்சத்தில் இன்னும் இருபது. இரண்டு சராசரியும் 1 சதவீதத்துக்கு மேல் விலகினால், முதலில் வைத்த விதத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் விலகினால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.