நிரற்சட்டகம் நீடித்து நிற்பது எங்ஙனம்?

ஆழ்ந்த சுரங்கத்தில் ஊறும் நீரை இடைவிடாது இறைத்துவர வேண்டும் என்பதை நந்திதுர்க் பகுதியினர் நன்கு அறிவர். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் அவற்றில் நீர் நிறைந்தது. பாறையில் குடைந்த சுரங்கத்திற்கே இடையறாப் பராமரிப்பு அவசியமெனில், கணினிக்கென எழுதப்படும் நிரலுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பள்ளியின் வருகைப் பதிவேடாயினும், பண்டகசாலையின் இருப்புப் பேரேடாயினும், வலைவழிப் பயன்பாடுகள் அனைத்திற்கும் சில வேலைகள் பொதுவானவை: பயனரை அடையாளங் காணல், படிவம் காட்டல், விவரங்களைச் சேமித்தல். இவற்றை முன்கூட்டியே அமைத்துத் தருவது சட்டகம் எனப்படும். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை இருப்பின் அது திறந்த மூலச் சட்டகமாகும்.

நம் நாட்டில் தோன்றிய இத்தகைய சட்டகங்களுள் ஃபிராப்பே குறிப்பிடத்தக்கது. மும்பையில் ருஷப் மேத்தா 2008இல் தொடங்கிய நிறுவனத்தின் ஆக்கம் இது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் வணிக நிர்வாகப் பயன்பாடு இதன்மீதே எழுந்தது.

இச்சட்டகம் நீடிப்பதற்கான முதற்காரணம் அதன் அமைப்பேயாகும். புதிய பதிவேடு ஒன்று தேவைப்படின், அதில் எந்தெந்த விவரம் இடம்பெறும், எவர் அதைத் திருத்தலாம் என்னும் வருணனையை மட்டும் அளித்தால் போதும். ‘டாக்டைப்’ எனப்படும் அவ்வருணனையிலிருந்தே அட்டவணையும் படிவமும் உருவாகின்றன. ஆகவே திரையின் தோற்றத்தைப் புதுப்பிக்கும்போது பதிவேட்டின் வருணனையை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், பழையதை முறைப்படி நீக்குதல். பைத்தான் மொழியின் 2ஆம் பதிப்பிற்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1இல் முடிவுற்றது. ஃபிராப்பே 2021இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில் அதனைக் கைவிட்டு, 3ஆம் பதிப்பை மட்டுமே ஏற்றது. பழைய விவரங்களைப் புதிய வடிவிற்குக் கொணரும் சிறு நிரல்கள் வரிசையாகப் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரேமுறை இயங்கியதும் குறித்துவைக்கப்படுகிறது. 2022இல் 14ஆம் பதிப்பின்போது பணியாளர் நிர்வாகப் பகுதி ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப் பயன்பாடாயிற்று. சுமை குறைந்தால் பராமரிப்பும் எளிதாகும்.

ஆயினும் உரிமை கட்டணமின்றிக் கிட்டுவதால் உழைப்பும் இலவசமாகிவிடாது. சட்டகத்தின் மூலநிரலிலேயே நேரடியாகத் திருத்தம் செய்தவர்கள், அடுத்த பதிப்பு வரும்போது அத்திருத்தங்களை மீண்டும் பொருத்தப் பாடுபட நேரும். அதற்கு அஞ்சிப் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டாலோ, பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் அவர்களை எட்டா.

எனவே தம் பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ இத்தகைய சட்டகத்தைத் தேர்ந்தெடுப்போர் மூன்றை நினைவிற் கொள்ளல் நலம். தேவையான மாற்றங்களைத் தனிப் பயன்பாடாக அமைத்தல். புதிய பதிப்பை முதலில் விவரங்களின் நகலொன்றில் சோதித்தல். பொறுப்பாளர் மாறினாலும் பணி தொடருமாறு செய்முறைகளை எழுதிவைத்தல். ஆண்டுக்கணக்கில் திரட்டிய மாணவர் பதிவுகள் காக்கப்படுவது இவ்வெளிய ஒழுங்கினாலேயே ஆகும்.